மேட்டூரில் பரிசல் விடுகிறவர் மீனவர் இல்லையா?

சேலம் மாவட்டத்தைப் பற்றிச் சிறு கையேடு ஒன்று எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். மேட்டூர் அணை நீரில் பரிசலில் வலை விடுகிறவரின் படத்துக்குக் கீழே ‘மீனவர்’ என்று போட்டீர்களாம். உடன் இருப்பவர், “கடலே இல்லாத ஊரில் ஏது மீனவர்? மீன்காரர் என்று மாற்றுங்கள்” என்றாராம். எது சரி, செம்படவர், பரதவர், வலைஞர் என்பதெல்லாம் யாரைக் குறிக்கும், ஏற்காட்டுப் பக்கம் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவரை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதில்: ‘மீனவர்’ என்றே வையுங்கள். ‘மீன்காரர்’ என்று மாற்றினால் படத்தில் இருப்பவரின் தொழிலே மாறிவிடும். நான் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூரில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். இந்தச் சொல்லை எங்கள் பக்கத்து ஆட்களிடமிருந்து யாராவது பிடுங்கும்போது எனக்குப் பேசாமல் இருக்க முடிவதில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

‘மீன்காரர்’ என்ற சொல்லைச் சேலத்தில் எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். காலையில் தெருவில் வண்டியில் வருகிறவர் மீன்காரர். சந்தையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து செதில் எடுத்துக் கொடுப்பவர் மீன்காரம்மா. பால்காரர், பூக்காரம்மா, கீரைக்காரம்மா மாதிரி. பொருளின் பெயரோடு ‘காரர்’ சேர்ந்தால் அதை விற்க வருகிறவர் என்றுதான் நம் காதில் விழுகிறது. “மீன்காரர் வந்துட்டாரா?” என்று கேட்டால், அவர் ஆற்றிலிருந்து கரையேறிவிட்டாரா என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. அவர் விற்கும் மீன் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் வாங்குகிறவர்கள், “டேம் மீனா, கடல் மீனா?” என்று கேட்டுவிட்டுக் கையை வைக்கிறார்கள். மீன்காரர் தண்ணீரில் கால் வைத்தே இருக்க வேண்டியதில்லை.

பிடிக்கும் கருவியோடு ‘காரர்’ சேரும்போது கதை வேறு. வலைக்காரர், தூண்டில்காரர், பரிசல்காரர் என்றால் அந்தக் கருவியை வைத்து வேலை செய்கிறவர். மேட்டூர்ப் பக்கம் ‘பரிசல்காரங்க’ என்ற பேச்சு அதிகம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பண்ணவாடியிலிருந்து அக்கரை நாகமரைக்கும், கோட்டையூரிலிருந்து ஒட்டனூருக்கும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போகிறவரும் பரிசல்காரர்தான். ஆளை அக்கரை சேர்க்கிறவரா, வலை விடுகிறவரா என்பதை அந்தச் சொல் பிரித்துக் காட்டாது. ஊருக்குள் பேசும்போது இது பிரச்சினையே இல்லை, யார் எவர் என்று எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர் படிக்கப்போகும் கையேட்டில் பிரச்சினை ஆகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வலை விடுகிறவரிடம் போய், “அண்ணா, என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்டால், “நான் மீனவர்ங்க” என்று சொல்லமாட்டார். “மீன் புடிக்கறங்க”, “வலை விடறங்க”, “டேமுக்குப் போறங்க” என்பார். தமிழில் தொழிலைப் பெயராகச் சொல்வதைவிட வினையாகச் சொல்வதுதான் பேச்சு வழக்கம். உழுகிறவரும் “நான் உழவர்” என்று சொல்லிக்கொள்வதில்லை, “காடு பாக்கறங்க” என்றுதான் சொல்கிறார். ‘மீனவர்’ என்ற சொல் அவருக்குத் தாளோடு வருகிறது. உரிமச் சீட்டு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, நல வாரிய அட்டை. துறையின் பெயரே மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை. அந்தத் துறை ‘கடல் மீனவர்’, ‘உள்நாட்டு மீனவர்’ என்று பிரித்து எழுதுகிறது. ஆறு, ஏரி, அணை எல்லாம் ‘உள்நாட்டு’ என்பதற்குள் அடக்கம். கடலில் பிடித்தால்தான் மீனவர் என்பது உண்மையாக இருந்தால் ‘கடல்’ என்ற அடைமொழியே தேவைப்பட்டிருக்காது.

பிறகு ஏன் கடல் என்ற எண்ணம் வந்தது? நாம் இந்தச் சொல்லைக் கேட்பது பெரும்பாலும் செய்தியில். ராமேஸ்வரம் மீனவர்கள் கைது, நாகை மீனவர்கள் வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். நாற்பது வருடமாக வானொலியும் பேப்பரும் ‘மீனவர்’ என்றவுடன் பக்கத்திலேயே கடலையும் வைத்துவிட்டன. காவிரியில் பரிசல் கவிழ்ந்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி வரும், அதோடு சரி. சொல்லின் பொருள் சுருங்கவில்லை. நம் காதுதான் ஒரு பக்கமாகப் பழகிவிட்டது.

சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் இதைவிட ஆச்சரியம். ‘மீனவன்’ என்று பழைய அகராதிகளில் தேடினால் பாண்டியன் என்று பொருள் இருக்கும். மீன்கொடி உடையவன் என்பதால் மீனவன். வில்கொடி உடைய சேரனை வில்லவன் என்றதைப் போல. ஒரு காலத்தில் இலக்கியத்தில் ‘மீனவர்’ என்று வந்தால் வலையைத் தேடக் கூடாது, மதுரை அரண்மனையைத் தேட வேண்டும். பழந்தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஏனென்றால் இன்றைய பொருளை அப்படியே பழைய பாட்டில் வைத்தால் பாட்டு தலைகீழாகிவிடும்.

அப்படியானால் மீன் பிடிப்பவருக்குப் பழைய பெயர் என்ன? ஒன்றல்ல, பல. கடற்கரையில் பரதவர், நுளையர். திமில் என்ற படகில் போகிறவர் திமிலர். வலையால் வாழ்கிறவர் வலைஞர். நெய்தல் நிலம் என்றால் பரதவர் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் பண்ணிவிடுவதால், மீன்பிடித் தொழில் முழுவதும் நெய்தலுக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். சங்க இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. நன்னீரில் மீன் பிடிப்பவர்கள் அதில் நிறையவே இருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் கடந்து போகும் வழியில் குளத்தோரத்து வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அதை ஒட்டி நீண்ட மூங்கில் கோலில் தூண்டில் கட்டி, இரையைத் தோல்பையில் போட்டுக்கொண்டு நிற்கிற பாண்மகன், அதாவது பாணர் குடி ஆள், ஒருவன் வருகிறான். முள்ளில் கோத்த இரையைக் கவ்விவிட்டு வாளை மீன் தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசைந்தால்கூடத் தூண்டில் கோல் என்று நினைத்து மிரள்கிறதாம். தூண்டில் போட்டுப் பழகாத ஒருவரால் இதைப் பார்த்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். கொளத்தூர்ப் பக்கம் சின்ன வயதில் தூண்டில் போடப் போனால் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்தி, “நிழல் தண்ணியில உழாம உக்காரு” என்பதுதான்.

ஐங்குறுநூற்றில் மருதப் பாட்டில் ஒரு பாண்மகள் வட்டி நிறைய, அதாவது கூடை நிறைய, வரால் மீன் கொண்டுவந்து கொட்டுகிறாள். வீட்டுக்காரி அந்த வட்டியைப் பழைய வெண்ணெல்லால் நிறைத்து அனுப்புகிறாள். பாட்டுப் பாடுகிற பாணர் குடியே வலையும் தூண்டிலும் பிடித்திருக்கிறது, பெண்கள் விற்றிருக்கிறார்கள். கடலுக்கு வெகு தூரத்தில், வயலோரத்தில் நடந்தது இது. கடல் இல்லாத ஊரில் ஏது மீனவர் என்று கேட்ட உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். பெயர் வேறாக இருந்தது, ஆள் எப்போதும் இருந்தார்.

செம்படவர் என்பதற்கு வருகிறேன். இது வட தமிழகத்தில் ஏரி, குளம், ஆற்றில் மீன் பிடித்த சமூகத்தின் பெயர். பர்வதராஜகுலம் என்றும் சொல்லிக்கொள்வார்கள். திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றும் உரிமை இவர்களுடையது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பூசையும் இவர்களிடம்தான். அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘மீனவர்’ என்ற தலைப்பின் கீழ் பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் என்ற பெயர்கள் சேர்ந்து வருகின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். ‘மீனவர்’ என்பது ஒரே நேரத்தில் தொழிலின் பெயராகவும், சாதிச் சான்றிதழில் ஒரு சமூகத்தின் பெயராகவும் இருக்கிறது. மேட்டூரில் வலை விடுகிற எல்லாருடைய சான்றிதழிலும் ‘மீனவர்’ என்று இருக்காது. பல சமூகத்து ஆட்கள் அங்கே பரிசலில் இருக்கிறார்கள். அதனால் படத்தில் இருப்பவரைப் பார்த்து நீங்களாகச் செம்படவர் என்று எழுதிவிடக் கூடாது. அது அவர் பிறப்பைப் பற்றிய கூற்று, அவராகச் சொன்னால் ஒழிய நமக்குத் தெரியாது. தொழிலைச் சொல்ல மீனவர் போதும். பரதவர் என்பதும் அப்படித்தான், தென் கடற்கரைச் சமூகத்தின் பெயராக இன்றும் உயிரோடு இருக்கிறது. மேட்டூருக்குக் கொண்டுவர வேண்டாம். வலையர் என்று எழுதினால் இன்று மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஒரு சமூகத்தைத்தான் குறிக்கும்.

தொழில் என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் ஊரே காரணம். மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது.  அதில் தேங்கிய நீருக்குள் ஊர்கள் போயின. தண்ணீர் இறங்குகிற வருடங்களில் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். தண்ணீர் இறங்கிய இடத்தில் ஈரம் காய்வதற்குள் ஏர் ஓட்டிச் சோளமும் கம்பும் ராகியும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆள்தான் தண்ணீர் ஏறினால் பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்குகிறார். ஏப்ரலில் ஏர் பிடித்தவர் அக்டோபரில் வலை பிடிப்பார். அவரைச் சோளம் விளையும்போது விவசாயி என்றும் மீன் படும்போது மீனவர் என்றும் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. இரண்டுமே அவருடைய சோறு.

அந்த வேலையைப் பற்றியும் உங்கள் கையேட்டில் ஒரு பத்தி எழுதுங்கள். ‘வலை வீசி’ என்று பொதுவாக எழுதிவிட வேண்டாம். வீசுவது வீச்சு வலையை மட்டும்தான். அது ஓரத்தில் ஈயக்குண்டு கோத்த வட்ட வலை. கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வலையைத் தோளிலும் முழங்கையிலும் அடுக்கி, இடுப்பைத் திருப்பி விட்டால் காற்றில் குடையாக விரிந்து விழும். கரையோரத்துக்கும் முழங்கால் தண்ணீருக்கும் அது சரி. அணையின் ஆழத்தில் நடப்பது ‘வலை விடுவது’. மாலையில் பரிசலில் போய் விட்டுவிட்டு வந்து, விடியும் முன்னால் போய் எடுப்பது. மேட்டூரில் ரங்கூன் வலை என்ற ஒன்று உண்டு. அதில் மேலே மிதப்பு இருக்கும், கீழே கயிறு கிடையாது. வலை தளர்ந்து தொங்கும், மீன் முட்டினால் சுற்றிக்கொள்ளும்.  பேப்பர்க்காரர்கள் “போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்” என்று எழுதி எழுதி, வலை என்றாலே வீசுவதுதான் என்று ஆகிவிட்டது.

பரிசலில் பல நாள் இரண்டு பேர் இருப்பார்கள், கணவனும் மனைவியும். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலை எடுக்க. வட்டமான பரிசல் விட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும், வலை எடுக்கும்போது துடுப்புப் போட இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. என் பெரியம்மா விடியற்காலையில் துடுப்போடு போனதை நான் பார்த்திருக்கிறேன். அவரை ‘மீனவரின் மனைவி’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அவரும் மீனவர்தான். ‘மீனவன்’ என்றால்தான் ஆண். ‘மீனவர்’ மரியாதைக்கும் பன்மைக்கும் வரும் சொல், ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். பெண் என்று தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மீனவப் பெண்’ என்று எழுதலாம். உங்கள் படத்தில் இரண்டு பேர் இருந்தால் ‘மீனவர் ஒருவரும் அவர் மனைவியும்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள், ‘மீனவர்கள் இருவர்’ என்று எழுதுங்கள்.

ஏரிகளில் இன்னொரு ஆள் வருவார், அவரையும் மீனவர் என்று சொல்லிவிடக் கூடாது. ஊராட்சி ஏரி, பொதுப்பணித் துறை ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் விடுவார்கள். மீன்பாசி என்றால் அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமை. ஏலம் எடுத்தவர் குத்தகைதாரர். அவர் குஞ்சு வாங்கி விடுவார், காவல் போடுவார், பிடிக்கும் நாளில் வலைக்கு ஆள் கூப்பிடுவார். அந்த ஆட்கள் கூலிக்கு வலை இழுப்பார்கள். 2007-ல் வந்த நல வாரியச் சட்டத்தின் தலைப்பே ‘மீனவர்கள் மற்றும் மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டுள்ள தொழிலாளர்கள்’ என்று சேர்த்துச் சொல்கிறது. கழுத்தளவு சேற்றில் நின்று வலை இழுப்பவர் விட்டுப்போகக் கூடாது என்று அப்படி எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த தலைப்பு அது.

பிடிபடும் மீனின் பெயர்களிலும் வெளியூர் வாடை நிறைய இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்திப் பெயர்கள், மீனோடு பெயரும் வந்தது. ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. இன்றைக்கு எங்கள் ஊர்க் குழந்தைக்கு முதலில் தெரியும் மீன் பெயர் அதுதான். கெளுத்தி, ஆரால், வாளை, விரால், அயிரை எல்லாம் நம் பழைய பெயர்கள். கையேட்டில் மீன் பட்டியல் போட்டால் ‘திலாப்பியா’ என்று போடாதீர்கள், சாப்பிட வருகிறவர் கடையில் கேட்கப்போவது ஜிலேபியைத்தான்.

இனி ஏற்காடு. சேர்வராயன் மலையில் ஏரிக்கரையிலோ ஓடையோரத்திலோ ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு உட்காருகிறவரை மீனவர் என்று சொல்ல வேண்டாம். அவர் இழிந்தவர் என்பதால் இல்லை, உயர்ந்தவர் என்பதாலும் இல்லை. இன்றைக்கு மீன் மாட்டாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போகாது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தூண்டில்காரர், அல்லது தூண்டில் போடுகிறவர். பழைய நடையில் தூண்டிற்காரர் என்று எழுதுவார்கள். தூண்டு என்ற வினையிலிருந்து வந்தது தூண்டில். விளக்குத் திரியைத் தூண்டுகிறோமே, அதே தூண்டு. ஆங்கிலத்தில் ‘ஆங்லர்’ என்பதற்கு நேர் சொல் தேடி ‘பொழுதுபோக்கு மீனவர்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். படிக்கும்போதே இடிக்கிறது. மழைக்காலத்தில் மலையோடையில் துண்டை விரித்துக் குஞ்சு மீன் அள்ளுகிற பிள்ளைகளையும் யாரும் மீனவர் என்பதில்லை. “மீன் புடிக்கப் போயிருக்கான்” என்று அம்மா சொல்வாள், போதும்.

செயலைப் பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில், யார் என்பது முக்கியமில்லாத அறிவிப்புப் பலகையில், ‘மீன் பிடிப்பவர்கள்’ நல்ல சொல். “இங்கு மீன் பிடிப்பவர்கள் ஆழமான பகுதிக்குச் செல்லக் கூடாது” என்றால் தொழில்காரர், பொழுதுபோக்குக்காரர் இருவரும் அடங்குவார்கள். அதே பலகையில் ‘மீனவர்கள் செல்லக் கூடாது’ என்று போட்டால் தொழில் செய்கிறவரை மட்டும் தடுப்பது மாதிரி ஆகும். சந்தி பற்றியும் ஒரு வார்த்தை: மீன்பிடித் தொழில், மீன்பிடித் துறைமுகம் என்று ‘த்’ மிகும். மீனவக் கிராமம், மீனவக் குடும்பம் என்பதில் ‘க்’ மிகும். அச்சுக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழமொழி ஒன்றிரண்டு கையேட்டில் சேர்க்க விரும்பினால், ‘கழுவுற மீனில் நழுவுற மீன்’ நம் பக்கம் வாயில் நிற்பது. விலாங்கு, ஆரால் கழுவியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ‘கலங்கின குட்டையில் மீன் பிடிக்கிறது’ இன்று வசைதான். ஆனால் வற்றுகிற குட்டையில் இறங்கிச் சேற்றைக் கலக்கினால் மீன் மூச்சுக்குத் திணறி மேலே வரும், கையாலேயே அள்ளலாம். கோடையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதைச் செய்ததுண்டு, அதில் ஏமாற்று எதுவும் கிடையாது.

கடைசியாக, உங்கள் படம். பெயர் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரையே போடுங்கள், அதைவிட நல்ல தலைப்பு வேறில்லை. பெயர் கேட்க முடியாமல் போனால், ‘மேட்டூர் அணை நீரில் விடியற்காலை வலை எடுக்கும் மீனவர், பண்ணவாடி’ என்று எழுதுங்கள்.